வாடகைக்குப் போன விஷம்

அந்தக் கடையில் பூட்டு என்று இருந்ததெல்லாம் அட்டை. சாவியெல்லாம் தக்கை. இரும்புப் பெட்டியை ஒரு விரலால் தூக்கலாம். சிம்மாசனத்தில் கொஞ்சம் பலமாக உட்கார்ந்தால் ராஜா தரைக்கு வந்துவிடுவார். நாடகக்காரர்களுக்குச் சாமான் வாடகைக்கு விடும் கடை அது. கீழே கடை, மேலே வீடு. இரண்டுக்கும் சொந்தக்காரி அத்தை, அதாவது மாப்பிள்ளையின் மாமியார்.

மனைவி செத்துப்போன பிறகும் அவனுக்கு மாப்பிள்ளை என்ற பெயர் நிலைத்துவிட்டது. அத்தை அப்படித்தான் கூப்பிட்டாள். அதைக் கேட்டுத் தெருவும் கூப்பிட்டது, தபால்காரரும் கூப்பிட்டார். வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறக்க வேண்டும். அவன் திறக்கவில்லை. எது கேட்டாலும் "ம்" என்றான். சாப்பிட்டீர்களா என்றால் ம். சாப்பிடவில்லையா என்றாலும் ம்.

மனைவியின் தம்பி ஒரு நாள் சோதித்துப் பார்த்தான்.

"மாமா, கடைக்கு ஒரு யானை வாங்கிப் போட்டுடலாமா?"

"ம்."

"நிஜ யானை?"

"ம்."

மச்சான் மாடிப்படியில் நின்று கத்தினான். "அம்மா! இது நம்மால ஆகற காரியம் இல்ல. டாக்டர்கிட்ட போயிடலாம்."

டாக்டர் நிதானமான பெண்மணி. அவனிடம் நிறையக் கேட்டார். அவன் தந்த ம்-களை வைத்துக்கொண்டே பாதி புரிந்துகொண்டார். இதயத்துடிப்பைக் காகிதத்தில் பதிவெடுத்துப் பார்த்தார். பிறகு மருந்துச் சீட்டை எழுதினார்.

"இது ட்ரைசைக்ளிக்னு ஒரு வகை, மனசு வாட்டத்துக்குக் குடுக்கறது. பழைய மருந்து, நல்லா வேலை செய்யும். ஆனா மரியாதை குடுத்து நடத்தணும்."

"எங்கம்மா மாதிரி," என்றான் மச்சான். அத்தை அவன் தொடையைக் கிள்ளினாள்.

டாக்டர் சிரிக்காமல் தொடர்ந்தார். தினம் படுக்கப் போகும்முன் ஒன்று. ஒரு நாள் மறந்தால் மறந்ததுதான், மறுநாள் இரண்டாகப் போட்டுச் சரிக்கட்டக் கூடாது. தூக்கம் தள்ளும், வண்டி ஓட்டக் கூடாது. வாய் வறளும். கண் கொஞ்சம் மங்கலாகத் தெரியலாம். உட்கார்ந்த இடத்திலிருந்து சட்டென்று எழுந்தால் தலை சுற்றும், மெதுவாக எழ வேண்டும்.

"உடனே ஒண்ணும் தெரியாது. சில வாரம் ஆகும். தெரியலையேன்னு நீங்களா நிறுத்திடாதீங்க. நல்லாயிட்டேன்னும் நீங்களா நிறுத்தாதீங்க. என்கிட்ட கேளுங்க."

"மலச்சிக்கல் வருமா டாக்டர்?" என்று அத்தை கேட்டாள். "இவருக்கு ஏற்கெனவே அது உண்டு." வெளியே காத்திருந்தவர்கள் வரைக்கும் கேட்டது.

"வரலாம். தண்ணி நிறைய குடிக்கச் சொல்லுங்க." டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "ஒண்ணு முக்கியம். அளவு கூடினா இந்த மாத்திரை பொல்லாதது. இதயம் தாளம் தப்பிடும், உயிருக்கே ஆபத்து. ஒருத்தருக்கு எழுதினதை இன்னொருத்தர் தொடவே கூடாது. அதான் கொஞ்சம் கொஞ்சமா எழுதித் தரேன். வீட்டுல பூட்டி வெக்கணும். யார் பொறுப்பு எடுத்துக்கறீங்க?"

கேள்வி எல்லோருக்கும் பொதுவாக வந்தது. பார்வை மாப்பிள்ளை மேல்தான் இருந்தது. அவன் சுவரைப் பார்த்தான்.

அத்தை கையை நீட்டினாள். "நான். ஒருத்தியை விட்டுட்டேன் டாக்டர். இவரை விடறதா இல்ல."

வீட்டுக்கு வந்த பிறகுதான் சிக்கல் புரிந்தது. பூட்டி வைக்கச் சொல்லியாகிவிட்டது. பூட்டு எங்கே? ஒன்பது பூட்டுப் போட்ட கஜானா ஒன்று இருந்தது. எலி ஒன்று அதன் பின்பக்கத்தைத் தின்று குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது. அத்தை கடைவீதிக்குப் போய் நல்ல பூட்டாக ஒன்று வாங்கியிருக்கலாம். அது அவளுக்குத் தோன்றவில்லை. வாழ்நாள் முழுக்க எது வேண்டுமென்றாலும் அலமாரியிலிருந்து எடுத்தே பழக்கம்.

எனவே ஒளித்தாள். ஒரு நாள் கிரீடத்துக்குள். ஒரு நாள் சிம்மாசனத்துச் சிங்கத்தின் வாய்க்குள். அசுரன் முகமூடியின் மூக்கில் ஒரு வாரம் இருந்தது. மாப்பிள்ளை தேடவே இல்லை. தேடாதவனிடமிருந்து அவ்வளவு சிரத்தையாக யாரும் எதையும் ஒளித்திருக்க மாட்டார்கள். ஆனால் மாத்திரை அட்டை சலசலத்துக் காட்டிக்கொடுத்துவிடும் என்று அவளுக்குப் பயம். கடைசியில் எல்லா மாத்திரைகளையும் அட்டையிலிருந்து உரித்து, மண்டையோடு வரைந்து விஷம் என்று எழுதியிருந்த பழுப்புக் குப்பிக்குள் போட்டாள். அலமாரியின் மேல்தட்டில், எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற மாதிரி வைத்தாள்.

விஷம் என்று எழுதியிருப்பதை எவன் வாயில் போடுவான்? அத்தைக்குத் தன் மூளையை நினைத்துத் தனக்கே பெருமையாக இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

மாத்திரை வேலை செய்கிறதா என்று பார்க்கும் பொறுப்பை மச்சான் எடுத்துக்கொண்டான். தினமும் காலையில் மாப்பிள்ளையின் கண்ணுக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுவந்து பார்ப்பான். மேல்தொட்டியில் தண்ணீர் ஏறிவிட்டதா என்று பார்க்கிறவன் மாதிரி.

"ஏறிச்சா மாமா?"

"ம்."

"ஏறல," என்று அம்மாவுக்கு அறிவிப்பான்.

வாய் மட்டும் ஒழுங்காக வறண்டது. மாப்பிள்ளை போகிற இடமெல்லாம் தண்ணீர்ப் புட்டியோடு போனான். பகலில் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து கிறங்கினான். தெருவில் யாராவது கேட்டால், வைட்டமின் குறைச்சல், மாத்திரை சாப்பிடுகிறார் என்று மச்சான் சொல்லிவைத்தான். கேட்காதவர்களிடமும் சொன்னான்.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, மச்சான் கிழிந்த கேடயம் ஒன்றை ஒட்டிக்கொண்டிருந்தபோது மாப்பிள்ளை தலையை நிமிர்த்தினான்.

"பசை நாறுது," என்றான்.

மச்சான் தூரிகையைக் கீழே போட்டான். "அம்மா! பசை நாறுதாம்!"

அத்தை ஓடிவந்தாள். "நாறுதா? மாப்பிள்ளை, நிஜமாவே நாறுதா?"

"ரொம்ப."

இருவரும் அந்தப் பசையை மாறி மாறி மோந்து பார்த்தார்கள். நாறத்தான் செய்தது. இத்தனை வருடமாக அது நாறியதில் இவ்வளவு சந்தோஷம் இருக்கும் என்று அவர்களுக்குத் தெரியாமல் போயிருந்தது. அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே மேலே போய்விட்டாள்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அத்தை மாடியில் கண்ணயர்ந்திருந்தாள். மச்சான் பின்கட்டில் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தான். தண்ணீர் வாரிய ஊழியர்களின் நாடகக் குழுவிலிருந்து மீட்டர் பார்க்கிறவர் வந்தார். அன்று மூன்று மணிக்கு நாடகம். மாப்பிள்ளை கல்லாவில் பாதித் தூக்கத்தில் இருந்தான்.

"கிரீடம் ரெண்டு, செங்கோல் ஒண்ணு எடுத்துக்கிட்டேன். விஷக் குப்பி ஒண்ணு குடுங்க."

அவன் மெதுவாக எழுந்து, மேல்தட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தான். மீட்டர்காரர் காதருகே வைத்துக் குலுக்கினார். "மிட்டாய் போட்டு வெச்சிருக்கீங்களா? போன தடவை மாதிரி?"

"ம்," என்றான் மாப்பிள்ளை.

"நல்லதாப் போச்சு. எங்க கேஷியர்தான் மந்திரி. ஒத்திகையிலயே ஒரு குப்பியைக் காலி பண்ணிட்டாரு. கையில கொட்டி அப்படியே வாயில போட்டு மென்னு முழுங்கறாரு. நடிப்புன்னா அது நடிப்பு!"

"ம்."

மாலை நாலு மணி வாக்கில் அத்தை இறங்கி வந்தாள். அலமாரியை அண்ணாந்து பார்த்தாள். அப்படியே நின்றாள்.

"மாப்பிள்ளை, மேல்தட்டுல இருந்த விஷம் எங்க?"

"வாடகைக்குப் போயிடுச்சு."

வாசலோரம் செருப்புத் தைத்துக்கொண்டிருந்தவர் ஊசியை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

அத்தை சிம்மாசனத்தில் தொப்பென்று உட்கார்ந்தாள். சிம்மாசனம் அதன் வழக்கப்படி தரைக்கு வந்தது. தரையில் கிடந்தபடியே விஷயத்தைச் சொன்னாள். "உங்க மாத்திரை பூரா அதுலதான் மாப்பிள்ளை! விஷம்னு எழுதியிருக்கே, ஒருத்தனும் வாயில வெக்க மாட்டான்னு..."

"அம்மா!" மச்சான் ஈரக் கையோடு உள்ளே வந்திருந்தான். "இந்தக் கடையில ஜனங்க நிஜமா வாயில போடற ஒரே சாமான் அதுதாம்மா!"

மாப்பிள்ளைக்கு மீட்டர்காரர் சொன்னது அப்போதுதான் முழுதாக உறைத்தது. கையில் கொட்டி, மென்று, முழுங்குகிறார். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துச் சொன்னதும் சேர்ந்து உறைத்தது. அவன் எழுந்தான். தலை சுற்றியது. அசுரனின் மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"போன் போடு," என்றான்.

மச்சான் போட்டான். மீட்டர்காரரின் போன் அணைந்திருந்தது. குழுவில் தெரிந்த இன்னொருவருக்கும் போட்டான். அதுவும் அணைந்திருந்தது. வாரியத்தின் மேனேஜர்தான் நாடகத்தில் ராஜா. ஆறு மாதம் முன்பு அவர் அழும் காட்சியில் யாருடைய போனோ குத்துப்பாட்டுப் பாடிவிட்டதாம். அன்றிலிருந்து நாடகம் நடந்தால் எல்லோர் போனும் அணைந்திருக்க வேண்டும் என்பது உத்தரவு.

"வண்டியை எடு."

மூன்று சக்கரச் சரக்கு வண்டி. மச்சான் ஓட்டினான். பின்னால் அத்தையும் மாப்பிள்ளையும், திருப்பி வந்திருந்த ஈட்டிகளுக்கும் கவசங்களுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தார்கள். அத்தை வழியெல்லாம் தன் தலையில் தானே குட்டிக்கொண்டாள். மாப்பிள்ளை ஒருமுறை அவள் கையைப் பிடித்து நிறுத்தினான். வண்டி குலுங்கியதில் அவளே குட்டிக்கொள்ளாமலும் குட்டு விழுந்தது.

அரங்கத்தின் பின்வாசலில் ஒரு மோட்டார்ப் பம்பு மெக்கானிக் காவலுக்கு நின்றார்.

"வேஷம் கட்டாத யாரையும் உள்ள விடக் கூடாது. மேனேஜர் உத்தரவு."

"அய்யா, அந்த விஷம் விஷமில்ல, மருந்து!" என்றாள் அத்தை.

"ரெண்டும் எனக்குத் தெரியாதும்மா. வேஷம் இருந்தா விடுவேன்."

அத்தை வண்டியைத் திரும்பிப் பார்த்தாள். வேஷத்துக்கா பஞ்சம்? மச்சானுக்குக் கவசத்தை மாட்டினாள். அது அவன் தொப்பையிடம் தோற்றுப் பாதியில் நின்றது. இழுத்தாள். ஓரம் கிழிந்தது. இன்னொரு கவசத்தை எடுத்தவள் மாப்பிள்ளையைப் பார்த்தாள்.

"நானா?" என்றான் அவன்.

"மாமா, நீங்க வாயே திறக்க வேணாம். போயி குப்பியைப் பிடுங்கிட்டு வந்துடுங்க. நான் முன்பக்கமாப் போயி கத்திப் பாக்கறேன்," என்று சொல்லிவிட்டு மச்சான் ஓடினான்.

மாப்பிள்ளை ஈட்டியோடு மேடையின் பக்கவாட்டுக்கு வந்தபோது காட்சி உச்சத்தில் இருந்தது. அரியணையில் மேனேஜர். எதிரே கேஷியர், ஒட்டுமீசை துடிக்க, குப்பியை உயர்த்திப் பிடித்திருந்தார். பாலில் விஷம் கலக்கப்போன மந்திரி கையும் களவுமாகப் பிடிபட்டுவிட்டான்.

"இது விஷம் இல்லையென்றால் நீயே விழுங்கிக் காட்டு!" என்று ராஜா கர்ஜித்தார்.

"காட்டுகிறேன் மன்னா!" கேஷியர் மூடியைத் திறந்தார். ஒத்திகையில் தின்ற மிட்டாய் நினைவுக்கு வந்திருக்க வேண்டும், முகம் மலர்ந்தது.

அரங்கத்தின் கடைசியிலிருந்து மச்சானின் குரல் வந்தது. "சார்! அதைச் சாப்பிடாதீங்க சார்!"

"விஷம்னு எங்களுக்கும்தான் தெரியும். உட்காருப்பா!" என்று பத்துப் பேர் அவனை அமுக்கினார்கள்.

கேஷியர் உள்ளங்கை நிறையக் கொட்டினார்.

மாப்பிள்ளை மேடைக்குள் ஓடினான். வெளிச்சம் முகத்தில் அடித்தது. வாயைத் திறந்தான். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. தபால்தலை மாதிரி ஒட்டியிருந்தது.

"ம்," என்றான். "ம்! ம்ம்!"

கேஷியர் கை பாதி வழியில் நின்றது. இந்தக் காட்சியில் காவலனே கிடையாது.

அரியணைக்குப் பக்கத்தில் ஒரு கிண்ணம் இருந்தது. மேடையில் இருந்த எல்லாச் சாமானையும் மாப்பிள்ளைக்குத் தெரியும். குடம் அட்டை, தீவட்டி அட்டை, பழத்தட்டு மண். அந்தக் கிண்ணம் மட்டும் நிஜம், அதில் தண்ணீரும் நிஜம். மேனேஜருக்கு நீள வசனம் பேசினால் தொண்டை கட்டும். ராஜாவின் கிண்ணத்தை எடுத்து ஒரே மூச்சில் குடித்தான். அரங்கமே "ஹா!" என்றது.

"நிறுத்துங்கள்! அது என்னுடையது!" என்று மாப்பிள்ளை கத்தினான்.

கேஷியர் திடுக்கிட்டார். மாத்திரைகள் கை நழுவி மேடையெல்லாம் உருண்டன.

மேனேஜர் வசனத்தை மறந்தாலும் பதவியை மறக்காதவர். "எது உன்னுடையது? யார் நீ?"

மாப்பிள்ளை மண்டியிட்டான். கவசம் கழுத்தை அறுத்தது. "அந்தக் குப்பியில் இருப்பது, மன்னா. அது விஷமும் அல்ல, மிட்டாயும் அல்ல. என் மருந்து."

"எந்த நோய்க்கு?"

முன்வரிசையில் தபால்காரர் இருந்தார். பாதித் தெருவும் இருந்தது. வைட்டமின் என்று சொல்லிவிடலாம். ஆனால் மிட்டாய் என்று நினைத்துத் தின்னப்போன மாதிரியே, வைட்டமின் என்று நினைத்து நாளைக்கு எவராவது பொறுக்கித் தின்னக்கூடும்.

"மனச்சோர்வுக்கு, மன்னா. என் மனைவி இறந்துவிட்டாள்."

அந்த வாக்கியத்தை அவன் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அட்டைக் கவசத்துக்குள்ளிருந்து, சுத்தத் தமிழில் சொல்ல முடிந்துவிட்டது.

கேஷியர் தன் உள்ளங்கையைப் பார்த்தார். மேனேஜர் தொண்டையைக் கனைத்தார். தெரியாத விஷயம் எதிரே வந்தால் கேள்வி கேட்பது அவருக்கு ஆபீஸ் பழக்கம்.

"மந்திரி இதை விழுங்கியிருந்தால்?"

"இதயம் தாளம் தப்பியிருக்கும், மன்னா! எனக்கு இரவில் ஒன்று, ஒன்றே ஒன்று. பிறருக்கு ஒன்றுகூட ஆகாது. வைத்தியர் சீட்டில் எவர் பெயரோ அவருக்கே மருந்து!"

"மதுவோடு அருந்தலாமா?"

"கூடவே கூடாது, மன்னா!"

ராஜாவின் முகம் கொஞ்சம் வாடியது. "எமக்குச் சளிக்கென்று ஒரு மருந்து தருகிறார்களே. அதனோடு?"

"வைத்தியரைக் கேட்காமல் எதனோடும் சேர்க்கலாகாது!"

"எத்தனை நாள்ல குணம் தெரியும் தம்பி?" என்று முன்வரிசையிலிருந்து ஒரு பெண்மணி கேட்டார். நாடகம் என்பதை அவர் மறந்துவிட்டார்.

"சில வாரம் ஆகும்மா. அவசரப்பட்டு நிறுத்தக் கூடாது." அவனும் மறந்துவிட்டான்.

"மலச்சிக்கல் வருமாமே?" பின்வரிசையிலிருந்து ஒரு கிழக் குரல்.

"வரும் பெரியவரே! தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும்!"

கைதட்டல் எழுந்தது. அதற்குள் அத்தை மேடைக்கு வந்திருந்தாள். அவசரத்தில் தலையில் ஒரு கிரீடத்தைக் கவிழ்த்துக்கொண்டு வந்திருந்தாள். பம்பு மெக்கானிக் அதற்குத்தான் விட்டாராம். நாலு காலில் தவழ்ந்து மாத்திரைகளைப் பொறுக்கத் தொடங்கினாள். மேனேஜர் கால் கட்டைவிரலுக்குப் பக்கத்தில் ஒன்று கிடந்தது.

"காலைத் தூக்குங்க," என்றாள். மன்னர் தூக்கினார்.

மேனேஜருக்கு நாடகத்தை எப்படியாவது முடிக்க வேண்டும். மந்திரி சாகாமல் திரை விழாது. விஷமோ கைவசம் இல்லை. செங்கோலை உயர்த்தினார். "உண்மை உரைத்த வீரனே, எழுந்திரு!"

மெதுவாக எழ வேண்டும் என்று மாப்பிள்ளைக்குத் தெரியும். ஆனால் மன்னர் சொன்ன தோரணையில் உடம்பு தானாகத் துள்ளி எழுந்துவிட்டது. மேடை ஒரு சுற்றுச் சுற்றியது. ராஜா இரண்டாகத் தெரிந்தார். மாப்பிள்ளை ஈட்டியோடு அப்படியே சாய்ந்து கேஷியர் மேல் விழுந்தான். தக்கை ஈட்டி கேஷியரின் விலாவில் பட்டு மடங்கியது.

கேஷியர் கலைஞர். கிடைத்ததை விடவில்லை.

"ஆ! ஈட்டி!" என்று அலறி, மேடையை மூன்று முறை சுற்றி, அத்தையைத் தாண்டி, நெடுநேரம் செத்தார்.

திரை விழுந்ததும் அவர் தலையைத் தூக்கிக் கேட்டார். "அப்ப மிட்டாய் இல்லவே இல்லையா?"

மாப்பிள்ளை தரையில் கிடந்தபடியே சிரித்தான். சத்தம் வரவில்லை, தோள் மட்டும் குலுங்கியது. அத்தை பதறிப் போய்ப் பக்கத்தில் வந்து பார்த்தாள். மச்சான் மூச்சிரைக்க ஓடிவந்து, குனிந்து, அவன் கண்ணுக்குள் பார்த்தான்.

"ஏறிடுச்சும்மா," என்றான்.

டாக்டருக்கு அங்கிருந்தே போன் போட்டார்கள். யாரும் ஒன்றையும் விழுங்கவில்லையே என்று மூன்று தரம் கேட்டு உறுதி செய்துகொண்டார். தரையில் விழுந்தவற்றைச் சாப்பிட வேண்டாம், மருந்துக் கடையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், குப்பிக்குள் மிச்சமிருப்பதில் இன்றைக்கு ஒன்று, நாளை என்னை வந்து பாருங்கள் என்றார். மாத்திரையை எதற்கு அட்டையிலிருந்து பிரித்தீர்கள் என்றும் கேட்டார். அத்தை போனை மகன் கையில் திணித்துவிட்டாள்.

மறுநாள் அவள் கடைவீதிக்குப் போனாள். சின்ன இரும்புப் பெட்டி ஒன்றும், கையில் கனக்கிற ஒரு பூட்டும் வாங்கி வந்தாள். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். புது மாத்திரைகள் அவற்றின் அட்டையோடு உள்ளே போயின. அந்தக் கடையில் பூட்டினால் திறக்காத சாமான் அது ஒன்றுதான்.

சில நாள் கழித்து ஒரு நாடகக்காரர் வந்தார். கஜானா வேண்டுமாம். எலி தின்றதைக் காட்டியதும் முகம் சுளித்தார். பிறகு மேல்தட்டில் இருந்த பெட்டியைப் பார்த்துவிட்டார்.

"அடடா, நிஜப் பெட்டி மாதிரியே பண்ணியிருக்கீங்களே! அதையே குடுத்துடுங்க. வாடகைக்குத்தானே?"

மச்சான் கவலையோடு மாமாவைத் திரும்பிப் பார்த்தான்.

மாப்பிள்ளை புட்டியிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடித்தான். நாற்காலியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, மெதுவாக எழுந்தான்.

"இல்ல சார்," என்றான். "அது என்னோடது. வாங்க, உங்களுக்கு நல்ல அட்டையில காட்டறேன்."